சுடத் தெரிந்த நகல்

புதிதாக ஒரு வண்டி வாங்கினால், சீட்டின் பிளாஸ்டிக் உறையை ஆறு மாதத்துக்குக் கிழிக்க விடமாட்டார்கள் நம் வீடுகளில். அமெரிக்காவின் வர்ஜீனியா, பென்சில்வேனியா, டென்னசி பக்கங்களில் ஒரு கூட்டம் இதற்கு நேர் எதிர். ஆயிரம் டாலருக்கு மேல் கொடுத்து, பழைய போர்த் துப்பாக்கியின் நகலாக இத்தாலியிலிருந்து வந்த புத்தம்புதுத் துப்பாக்கியை வாங்குகிறார்கள். அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்த கையோடு, அதன் கட்டையில் வார்னிஷ் நீக்கும் திரவத்தைத் தடவுகிறார்கள். பளபளப்பான பூச்சு கொப்புளித்து எழும். தகட்டால் வழித்துப் போட்டால் அடியில் வெளிறிய வால்நட் மரம். அதை உப்புத்தாளால் தேய்த்து, துணியில் லின்சீட் ஆயிலைத் தொட்டு, உள்ளங்கையில் சூடு ஏறும்வரை அழுத்தித் தேய்த்து, காயவிட்டு, மறுநாள் மறுபடியும் அதே வேலை. பிறகு அரத்தை எடுத்து, குழலில் பொறித்திருக்கும் கம்பெனிப் பெயர், ‘கருமருந்துக்கு மட்டும்’ என்ற எச்சரிக்கை எல்லாவற்றையும் ராவி எடுக்கிறார்கள்.

புதுசைப் பழசாக்க இத்தனை பாடு. அதற்குப் பழசையே வாங்கிவிடலாமே என்று தோன்றும். பழசும் கிடைக்கத்தான் செய்கிறது. ஆனால் 160 வருடத்துக் குழலில் மருந்தை இட்டுச் சுடப் பலருக்கு மனசு வருவதில்லை. அசல் சுவருக்குப் போய்விடுகிறது. கழற்றுவதும் மாட்டுவதும், சுடுவதும் கெடுப்பதும், கெடுத்ததைச் சரிசெய்ய ராத்திரி இரண்டு மணிவரை விழித்திருப்பதும் நகலோடுதான். பழைய புல்லட் வைத்திருப்பவர்களை அறிந்தவர்களுக்கு இந்த நோய் உடனே புரியும். வண்டி ஓடும் நாளைவிடப் பிரித்துப் போட்டிருக்கும் நாள்தான் அதிகம். அதில் அவர்களுக்கு ஒரு குறையும் இருக்காது.

புல்லட்டை இங்கே சும்மா இழுக்கவில்லை.

திருவொற்றியூர் வரை வந்த பெயர்

நகல் துப்பாக்கி உலகில் அதிகம் விரும்பப்படுபவை, 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரின் துப்பாக்கிகள். அவற்றில் இரண்டு முக்கியம். ஒன்று, மாசசூசெட்ஸில் இருந்த அரசு ஆயுதசாலையின் பெயர் தாங்கிய ‘ஸ்பிரிங்ஃபீல்டு 1861’. மற்றது இங்கிலாந்தின் ‘என்ஃபீல்டு 1853’. லண்டனுக்கு வடக்கே என்ஃபீல்டில் அரசின் சிறு ஆயுதத் தொழிற்சாலை இருந்தது. பிற்பாடு அந்தத் தொழிற்சாலைக்கு உதிரிபாகம் செய்துகொடுத்த ரெட்டிச் நகரத்து சைக்கிள் கம்பெனி, அந்தப் பெருமையைக் காட்டிக்கொள்ள 1893-ல் தன் சரக்குக்கு ‘ராயல் என்ஃபீல்டு’ என்று பெயர் சூட்டியது. துப்பாக்கியைப் போலவே செய்தது என்பது அதன் விளம்பர வாசகம். 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸ் அந்தக் கம்பெனியோடு சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்க, பெயர் திருவொற்றியூருக்கு வந்து சேர்ந்தது. நம் தெருவில் ‘டப் டப்’ என்று போகும் புல்லட்டின் டேங்கில் இருப்பது ஒரு துப்பாக்கித் தொழிற்சாலை இருந்த ஊரின் பெயர்.

1853 என்ஃபீல்டு கையில் எடுத்தால் நீளம். குழல் மட்டும் 39 அங்குலம். முழு நீளம் நாலரை அடிக்கு மேல். நாலு கிலோவைத் தாண்டும். குழலையும் கட்டையையும் சேர்த்துப் பிடிக்க மூன்று பட்டைகள். மருந்தும் குண்டும் வாய்வழியாகத்தான் போக வேண்டும். நம் ஊர் நாட்டுத் துப்பாக்கியைப் போலத்தானே என்றால், ஒரு வகையில் அப்படித்தான். வித்தியாசம் குழலுக்குள்ளே இருக்கிறது. உள்சுவரில் மூன்று சுருள் காடிகள் வெட்டியிருக்கும். குண்டு அந்தக் காடியைக் கவ்வினால் பம்பரம்போலச் சுழன்று நேராகப் போகும். கவ்வும் அளவுக்குப் பெரிய குண்டு என்றால் வாய்வழியாக இறங்காது. இறங்கும் அளவுக்குச் சிறியது என்றால் காடியைக் கவ்வாது. 1840களின் கடைசியில் பிரெஞ்சு அதிகாரி மினியே இதற்கு ஒரு வழியை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். மெத்தென்ற ஈயத்தில் குண்டை வார்த்து, அதன் அடியில் குழி விட்டார். இறங்கும்போது வழுக்கிக்கொண்டு இறங்கும். மருந்து வெடித்ததும் அடிக்குழி விரிந்து காடியைப் பிடித்துக்கொள்ளும்.

உள்நாட்டுப் போரில் வடக்கு, தெற்கு என்று இரு தரப்பும் போட்டி போட்டுக்கொண்டு வாங்கியதில் ஏறத்தாழ ஒன்பது லட்சம் என்ஃபீல்டுகள் அட்லாண்டிக்கைக் கடந்தன.

இத்தாலிய மலைச்சரிவில்

போர் முடிந்து எண்பத்தைந்து ஆண்டு கழித்து, 1950-ல், அதே துப்பாக்கிகளைச் சுட்டுப் போட்டி நடத்த ‘வடக்கு–தெற்குச் சுடுநர் சங்கம்’ ஒன்று அமெரிக்காவில் உருவானது. ஆரம்பத்தில் எல்லோர் கையிலும் அசல்தான். அப்போது அவை மலிவு. போகப் போகக் குழல்கள் தேய்ந்தன. சேகரிப்பாளர்கள் விலையை ஏற்றினார்கள். 1961-ல் போரின் நூற்றாண்டு விழா வேறு நெருங்கியது. ஊருக்கு ஊர் படை உடுப்பு மாட்டிக்கொண்டு பழைய சண்டையை நடித்துக் காட்டக் கிளம்பிவிட்டார்கள். தோளில் தூக்கத் துப்பாக்கி வேண்டாமா?

நியூஜெர்சி வியாபாரி வால் ஃபோர்ஜெட், 1950களின் கடைசியில் இத்தாலிக்குப் போனார். பிரெஸ்சியாவுக்கு வடக்கே மலைப் பள்ளத்தாக்கில் கார்டோனே வால் ட்ரோம்பியா என்றொரு ஊர். சிவகாசிக்குப் பட்டாசு எப்படியோ அந்த ஊருக்குத் துப்பாக்கி அப்படி. 1526-லேயே பெரெட்டா குடும்பத்துப் பட்டறையிலிருந்து வெனிஸுக்கு 185 குழல்கள் போனதற்குச் சீட்டு இருக்கிறது. ஃபோர்ஜெட்டுக்காக அங்கே முதலில் பழைய கோல்ட் ரிவால்வரின் நகல் தயாரானது. நீளத் துப்பாக்கிகள் பின்னால் வந்தன. ஊபெர்ட்டி, பெதர்சோலி போன்ற பெயர்கள் அமெரிக்கச் சந்தையில் நிலைத்தது இப்படித்தான். 1970களில் ஜப்பானின் மிரோக்குவும் ஸ்பிரிங்ஃபீல்டைச் செய்து அனுப்பியது. பர்மிங்ஹாமின் பார்க்கர்-ஹேல் இன்னும் ஒரு படி மேலே போனது. 19-ஆம் நூற்றாண்டில் என்ஃபீல்டைச் செய்தபோது உபயோகித்த அசல் அளவுக்கருவிகளையே ஆதாரமாக வைத்துத் தன் நகலைச் செய்தது. இன்றைக்கும் பழைய பார்க்கர்-ஹேல் ஒன்று விற்பனைக்கு வந்தால் சுடுநர்கள் விடமாட்டார்கள். வெளியே பார்த்தால் மற்ற நகலைப் போலத்தான் இருக்கும். குழலின் அடியில் ஆழமாகத் தொடங்கி வாயை நெருங்க நெருங்க மேலோட்டமாகும் காடிதான் காரணம். அசலில் இருந்தது அதுதான். பல இத்தாலிய நகல்களில் காடி ஒரே ஆழம்.

ஆக, இங்கிலாந்துத் துப்பாக்கியை இத்தாலியில் செய்து, அமெரிக்காவில் விற்று, 1863 என்று நினைத்துக்கொண்டு சுடுகிறார்கள். மனிதனின் பொழுதுபோக்குக்கு எல்லை எது!

‘ஃபார்ப்’ என்றொரு வசவு

வேடம் கட்டி நடிப்பவர்களிடையே ‘ஃபார்ப்’ என்று ஒரு சொல் உண்டு. காலத்துக்குப் பொருந்தாத சாமானோடு வந்து நிற்பவனைக் குறிக்கும் கேலி. கைக்கடிகாரம் கட்டிக்கொண்டு ராஜபார்ட் போட்டவனை நம் கூத்து ரசிகர்கள் என்ன சொல்வார்களோ, அது. இத்தாலிய நகலைப் பழசாக்கும் வேலைக்கும் இந்தச் சொல்லிலிருந்தே ‘டிஃபார்ப்’ என்று பெயர் வந்துவிட்டது. காசு வாங்கிக்கொண்டு செய்துதரும் கைவினைஞர்களும் இருக்கிறார்கள்.

என்னென்ன மாற்ற வேண்டும் என்று ஒரு விவரமறிந்தவரிடம் வாய் கொடுத்தால் மாட்டிக்கொண்டோம். கட்டை தேவைக்கு மேல் தடிமன். இழைத்து மெலிதாக்க வேண்டும். ஸ்பிரிங்ஃபீல்டின் குழல் வெள்ளி மாதிரி மின்ன வேண்டும், என்ஃபீல்டு குழலில் கருநீலம் ஏற வேண்டும். இத்தாலியச் சோதனைச்சாலை முத்திரை இருக்கக் கூடாது. அந்த முத்திரையில் ஒன்று ‘பி.என்.’ கருமருந்தால் சுட்டுச் சோதித்த குழல் என்று அர்த்தம். பாதுகாப்புக்காகப் போட்ட முத்திரை, பக்தர்களின் கண்ணுக்குக் கறை. எனக்கு இந்த இடத்தில் கொஞ்சம் நெருடுகிறது. நாளைக்கு அந்தத் துப்பாக்கி கை மாறும்போது, வாங்குகிறவருக்கு அது அசலா நகலா என்று எப்படித் தெரியும்? ஏமாந்தவர்கள் உண்டு.

இதைவிட ருசியான சங்கதி, துப்பாக்கியின் விசைப்பொறியைத் தாங்கும் பூட்டுத் தகட்டில் இருக்கிறது. பெரும்பாலான நகல்களில் கிரீடமும், ‘என்ஃபீல்டு’ என்ற எழுத்தும் பொறித்திருக்கும். அதுதானே அசல் என்று நினைப்போம். என்ஃபீல்டின் அரசுத் தொழிற்சாலை 1850களில் அமெரிக்காவிலிருந்து இயந்திரங்களை வாங்கி, ஒரு துப்பாக்கியின் பாகம் இன்னொன்றுக்கு அச்சாகப் பொருந்தும்படி செய்யத் தொடங்கியது. அந்தச் சரக்கு பிரிட்டிஷ் படைக்கு. அமெரிக்கப் போருக்குப் போனவை பெரும்பாலும் லண்டன், பர்மிங்ஹாம் தனியார் பட்டறைகளில் கையால் ராவிச் செய்தவை. ஒன்றின் திருகு மற்றொன்றுக்குச் சேராது. பர்மிங்ஹாம் சரக்கின் தகட்டில் ‘டவர்’ என்றுதான் இருக்கும். பார்க்கர்-ஹேலின் புகழ்பெற்ற அளவுக்கருவிகள் அரசுத் தொழிற்சாலையின் மாதிரிக்கு உரியவை. அதாவது, எல்லாவற்றிலும் சுத்தமான அந்த நகல், அமெரிக்கப் போர்க்களம் அதிகம் பார்த்திராத ஒரு துப்பாக்கியின் நகல்! விஷயம் தெரிந்தவர்கள் தகட்டைக் கழற்றி ‘என்ஃபீல்டு’ எழுத்தை ராவிவிட்டு ‘டவர்’ என்று பொறிக்கிறார்கள்.

தகட்டைக் கழற்றுவது சுலபம். எதிர்ப் பக்கத்திலிருந்து இரண்டு திருகுகள். உள்ளே சின்ன உலகம்: வளைந்த வில்தகடு ஒன்று, அடித்து வெடிக்க வைக்கும் குதிரையைத் திருப்பும் உருளை, அந்த உருளையின் வெட்டில் உட்கார்ந்து விசைக்குக் காத்திருக்கும் நாக்கு. பாதி இழுத்த குதிரை ஒரு வெட்டில் நிற்கும், முழுதும் இழுத்தால் அடுத்த வெட்டில். மலிவு நகல்களில் இந்த வெட்டுகளின் இரும்பு சில சமயம் மிருது, சீக்கிரம் மழுங்கும். விசை இலகுவாக இருக்கட்டும் என்று புதியவர் அரத்தை எடுத்து நாக்கைத் தேய்க்கிறார். ஒரு இழுப்பு அதிகமானால் போதும், பாதியில் நிற்க வேண்டிய குதிரை நிற்காது. கை படாமலே விழும். கட்டையில் எதை வேண்டுமானாலும் செய், இதை மட்டும் தெரிந்தவரிடம் கொடு என்பது பழைய ஆட்கள் சொல்லும் புத்தி.

மெழுகும் கொழுப்பும்

அடுத்தது குண்டு வார்ப்பது. சுத்த ஈயம் வேண்டும். தகரம், ஆன்டிமனி கலந்தால் குண்டு கெட்டியாகி, அடிக்குழி விரியாது. குழலின் உள்வாயை அளந்து, அதற்கு ஒரு அங்குலத்தின் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு மட்டும் குறைவாகக் குண்டு இருக்க வேண்டும் என்பார்கள். நகலுக்கு நகல் குழல் அளவு மாறுவதால், பக்கத்து வீட்டுக்காரனின் குண்டு நம் துப்பாக்கிக்கு ஆகாது. அச்சு, அளவுக்கட்டை, உருக்கும் சட்டி என்று கொட்டகையில் சாமான் சேர்ந்துகொண்டே போகும்.

வார்த்த குண்டுக்கு வழுக்கல் பூச வேண்டும். தேன்மெழுகும் ஆட்டுக் கொழுப்பும் சேர்த்து உருக்குவது பரவலான வழக்கம். பன்றிக் கொழுப்பும் தாவர நெய்யும் சேர்ப்பவர்கள் உண்டு. வர்ஜீனியாக்காரர் ஒருவர் அடுப்படியில் நின்று இதைக் கிண்டும்போது, அவருக்கு இது சமையல் குறிப்பு மாதிரிதான். நமக்கு அப்படிக் கடந்துபோக முடியாது. இதே துப்பாக்கி, இதே கொழுப்பு. என்ஃபீல்டின் தோட்டா என்பது காகிதச் சுருள். ஒரு முனையைப் பல்லால் கடித்துக் கிழித்து, மருந்தைக் குழலில் கொட்டி, கொழுப்புத் தடவிய மறுமுனையைக் குண்டோடு இறக்க வேண்டும். அதில் பசுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் இருக்கிறது என்ற பேச்சு 1857 ஜனவரியில் கல்கத்தா அருகே டம்டமில் சிப்பாய்களிடையே கிளம்பியது. கொழுப்பில்லாத தோட்டா தருகிறோம், மெழுகும் எண்ணெயும் நீங்களே பூசிக்கொள்ளுங்கள் என்று அதிகாரிகள் இறங்கி வந்தும் சந்தேகம் அடங்கவில்லை. மார்ச் 29-ல் பாரக்பூரில் சிப்பாய் மங்கள் பாண்டே எதிர்த்துக் கிளம்பினார். ஏப்ரலில் மீரட்டில் 90 குதிரைப்படை வீரர்களில் 85 பேர் தோட்டாவைத் தொட மறுத்தார்கள். அன்று அவர்களுக்கு நீட்டப்பட்டது பழைய வகைத் தோட்டாதான். மே 10-ல் மீரட் வெடித்தது. கிளர்ச்சிக்கான காரணங்கள் வேறு பல. திரி மட்டும் இந்தக் காகிதச் சுருள்.

நகல் வைத்திருப்பவர்களில் சிலர் அந்தக் காகிதத் தோட்டாவையே பழைய முறைப்படி சுற்றிப் பார்க்கிறார்கள். குண்டை மட்டும் இறக்கினால் பத்துப் பதினைந்து வெடிக்குப் பிறகு கரி அடைத்து, குண்டை உள்ளே தள்ளும் இடிகம்பியை முழங்கையால் அழுத்த வேண்டிவரும். மெழுகுக் காகிதத்தோடு இறக்கினால் காகிதமே கரியைத் துடைத்துக்கொண்டு போகிறது. வெகுநேரத்துக்குத் தடங்கல் இல்லை என்கிறார்கள். கையேட்டில் படித்தால் ஏன் அப்படிச் சுற்றினார்கள் என்று விளங்காது. நாற்பது முறை சுட்டவருக்கு விளங்கும்.

புகைக்குள்ளே

வர்ஜீனியாவின் வின்செஸ்டருக்குப் பக்கத்தில் ஃபோர்ட் ஷெனண்டோவா. பெயரில்தான் கோட்டை, சங்கத்துக்குச் சொந்தமான சுடுதளம். ஆண்டுக்கு இருமுறை தேசியப் போட்டி. நகல் என்றாலும் சங்கத்தின் குழு அங்கீகரித்த நகலாக இருந்தால்தான் வரிசையில் நிற்கலாம். எட்டுப் பேர் ஓர் அணி. எதிரே 50 கெஜத்திலும் 100 கெஜத்திலும் களிமண் தட்டு, மண்சட்டி, தொங்கும் ஓடு. குறைந்த நேரத்தில் அத்தனையும் உடைத்தவர்கள் ஜெயித்தவர்கள். இரண்டு மூன்று வெடியில் வெண்புகை திரண்டு இலக்கை மறைத்துவிடும். வாசனை நமக்குப் பழக்கமானதுதான். தீபாவளி விடிகாலைத் தெருவின் அதே வாசனை: வெடியுப்பு, கந்தகம், கரி.

அந்தப் பரபரப்பில் இடிகம்பியை உருவாமல் சுட்டு, அம்புபோலப் பறக்கவிட்டவர்கள் இருக்கிறார்கள். குதிரை அடிக்கும் செப்புக் கேப் வெடித்தும் உள்ளே மருந்து பிடிக்காமல் போவது இன்னும் சகஜம். கேப்பை மாட்டும் முலையின் துளை கரியால் அடைந்திருக்கும். சுற்றிலும் சத்தமும் புகையும். தன் துப்பாக்கி வெடித்ததா, பக்கத்தவனுடையதா என்று தெரியாமல் அடுத்த குண்டை இறக்கிவிடுவது நடக்கக்கூடியதே.

1863 ஜூலையில் கெட்டிஸ்பர்க் சண்டை முடிந்து களத்தில் கிடந்த துப்பாக்கிகளைப் பொறுக்கினார்கள். 27,574. அதில் குறைந்தது 24,000 துப்பாக்கிகளில் மருந்தும் குண்டும் சுடாமலே இருந்தன. அவற்றில் பாதியில் இரண்டு கெட்டிப்பு. ஆயிரக்கணக்கானவற்றில் மூன்று முதல் பத்து வரை. ஒன்றில் 23. இதை வைத்து, வீரர்களுக்கு மனிதனைச் சுட மனம் வரவில்லை என்று பெரிய தத்துவமே எழுதியவர்கள் உண்டு. இருக்கலாம். ஆனால் சனிக்கிழமை காலையில், எதிரி யாரும் இல்லாத மைதானத்தில், மண்சட்டியைப் பார்த்துச் சுடும் ஒரு பல் மருத்துவரோ தபால்காரரோ அதே தவறைச் செய்கிறார் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். எனக்கு இந்தப் பொழுதுபோக்கின் மேல் மரியாதை வந்தது இந்த இடத்தில்தான்.

சாயங்காலம் கழுவல். சோப்புப் போட்ட வெந்நீரைக் குழலில் ஊற்றினால் அழுகிய முட்டை நாற்றத்தோடு கறுப்பாக வரும். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றால், நாளைக்குத் துரு இருக்கும்.

இரண்டு சங்கடங்கள்

ஒன்று, எந்தப் பக்கத்து உடுப்பு? அடிமை முறையைக் காக்கப் பிரிந்துபோன தெற்கின் சாம்பல் உடுப்பை மாட்டிக்கொண்டு ‘இதெல்லாம் வரலாறுதானே’ என்பது அமெரிக்காவில் இப்போது எளிதில் செல்லுபடியாவதில்லை, செல்லுபடியாகவும் கூடாது. அந்தப் போரில் வடக்குக்காக ஏறத்தாழ 1,80,000 கறுப்பினத்தவர் இதே துப்பாக்கிகளோடு நின்றார்கள். அவர்களுடைய படைப்பிரிவுகளாக வேடம் கட்டும் குழுக்கள் இருக்கின்றன. கூட்டம் அங்கேயும் போகட்டும்.

மற்றது சட்டம். அமெரிக்காவின் 1968-ஆம் ஆண்டுத் துப்பாக்கிச் சட்டத்தில், 1898-க்குள் செய்தவையும், வாய்வழியாகக் கெட்டிக்கும் இத்தகைய நகல்களும் ‘பழம்பொருள்’ கணக்கில் வருகின்றன. மத்தியச் சட்டப்படி லைசென்ஸ் பெற்ற கடைக்குப் போகாமலே தபாலில்கூட வாங்கலாம். சில மாநிலங்கள் கட்டுப்பாடு வைத்திருக்கின்றன. நிமிடத்துக்கு மூன்று முறை சுடுவதே சாமர்த்தியம் என்பதால், அந்த நாட்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சச்சரவில் இவை அதிகம் அடிபடுவதில்லை.

இந்தச் சந்தையில் இந்தியாவும் உண்டு. வட இந்தியப் பட்டறைகளில் செய்த பழைய பாணி மஸ்கட்டுகள் வட அமெரிக்காவில் விற்கின்றன. இத்தாலியச் சரக்கைவிட மலிவு. வால்நட்டுக்குப் பதில் தேக்கு. தீப்பொறி உள்ளே போகும் துளையைப் போடாமலே அனுப்புவார்கள். துளை இல்லாதவரை அது சுங்கத்துக்கு அலங்காரப் பொருள். வாங்கியவர் தன் பொறுப்பில் துளைத்துக்கொள்ள வேண்டும். குழல் நம்பகமானதா என்று அங்கே ஓயாத சண்டை. சோதனை முத்திரையை ராவி எடுக்கும் அதே ஆட்கள், முத்திரையே இல்லாத குழலைக் கண்டால் பயப்படுகிறார்கள்.

வெளிநாட்டிலிருந்து வரும் மருமகனிடம் ஒன்று வாங்கிவரச் சொல்லலாமா என்று யோசிப்பவர்களுக்கு: வேண்டாம். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி, சுடக்கூடிய வாய்க்கெட்டிப்புத் துப்பாக்கியும் இங்கே துப்பாக்கிதான். லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால் வழக்கு. பார்க்க மட்டும் ஆசை என்றால் சென்னை ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்தில் கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்து வாள்களும் துப்பாக்கிகளும் இருக்கின்றன. குதிரைக்குக் கீழே பூட்டுத் தகட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று குனிந்து பாருங்கள். வெள்ளிக்கிழமை விடுமுறை.